தெற்குப் பர்கண்டியில் முதல் மிதிவண்டிப் பயணம்: போன் நகரிலிருந்து மாக்கோன் வரை

பிரான்ஸின் நாட்டுப்புறத்தை மிதிவண்டியில் சுற்றிப்பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் பேசுகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான். கால் வலுவைப் பற்றிய கவலை இயல்பானதே. ஆனால் முதன்முறை போகிறவரைத் தவிக்கவிடுவது பெரும்பாலும் தூரமோ மேடோ அல்ல, கடிகாரம். ரொட்டிக்கடை எப்போது கதவைச் சாத்தும், உணவகத்தில் எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பார்கள், எந்தக் கிழமையில் எந்த ஊரில் ஒன்றுமே கிடைக்காது என்பவற்றைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நாளை வகுத்துக்கொண்டவர், சாதாரண உடல் வலுவே உள்ளவராக இருந்தாலும், இந்தப் பயணத்தை நிம்மதியாக முடித்துவிடுவார்.

புதியவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கும் வழி ஒன்றே. பர்கண்டி வட்டாரத்தின் தென்பகுதியில், போன் என்னும் பழைய நகரத்தில் தொடங்கி, திராட்சைத் தோட்டங்களின் ஊடாகவும் கால்வாய்க் கரையிலும் பழைய ரயில் தடத்திலும் சென்று, சோன் நதிக்கரையிலுள்ள மாக்கோனில் முடியும் வழி அது. நேர்வழியாகப் போனால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நான் சொல்லும் ஒரு மலைக்கிளையையும், அதாவது நான்காம் நாள் மேடேறிப் போய்த் திரும்பும் கிளைவழியையும், சேர்த்தால் 155. தேர்ந்த ஓட்டுநர் இதை ஒன்றரை நாளில் கடந்துவிடுவார். நீங்கள் ஆறு நாள் ஒதுக்குங்கள்.

இந்த வழியைச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நீராவி இன்ஜின்களால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது என்பதால், பழைய ரயில் பாதை போட்டவர்கள் குன்றுகளை வெட்டியும் பள்ளங்களை நிரப்பியும் சரிவை மிகவும் மட்டுப்படுத்தியே தடம் அமைத்தார்கள். தண்டவாளம் அகன்ற பின் அந்தத் தடத்தின் மேல் தார் போட்டால், குன்று நிறைந்த நாட்டிலும் சமதரைபோல ஓட்டக் கிடைக்கிறது. ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரையுள்ள 44 கிலோமீட்டர் தடம் 1997இல் இவ்வாறு திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் நுழையாத இத்தகைய ‘பசுமைப் பாதை’களில் பிரான்ஸ் நாட்டிலேயே முதலாவது இதுதான். அடுத்த காரணம், இந்த வழிக்கு ஏறத்தாழ இணையாகக் கிழக்கே ஒரு ரயில் தடம் இன்றும் ஓடுகிறது என்பது. முழங்கால் வலித்தாலும், மூன்று நாள் விடாமல் மழை பெய்தாலும், ஷானி, ஷலோன், தூர்னுய், மாக்கோன் ஆகிய நிலையங்களில் ஏதோவொன்றை எட்டிவிடலாம். பிரான்ஸில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் இருப்பதால், நாட்டின் இந்தப் பகுதியில் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு தேவாலயக் கோபுரம் கண்ணில் படும் என்பதும் தனியே ஓட்டுகிறவருக்கு ஒரு தைரியம்.

காலமும் விசாவும்

மே நடுவிலிருந்து ஜூன் முடியும் வரையிலான காலமும், செப்டம்பர் மாதமும் மிகப் பொருத்தமானவை. ஜூனில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டுமுன் ஊர் சேரவேண்டும் என்ற பதைப்பு இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 35 பாகையைத் தாண்டும் நாள்கள் வருகின்றன. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் நிழலற்ற திராட்சைச் சரிவில் சுண்ணாம்புக் கல்லின் வெக்கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மேடேறுவது வேறு அனுபவம். செப்டம்பர் என்பது திராட்சை அறுவடைக் காலம். தோட்டப் பாதைகளில் டிராக்டர்கள் நிறைந்திருக்கும், ஒதுங்கி வழிவிட வேண்டும். அதே மாதத்தில் வேட்டைப் பருவமும் தொடங்குவதால், ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளைத் தவிர்த்துத் தார்ச்சாலையிலேயே இருங்கள்.

இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம், அந்தக் காப்பீடு மிதிவண்டி ஓட்டும்போது நேரும் விபத்தையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் படித்துப் பாருங்கள். தங்குமிடச் சான்றும் கேட்பார்கள் என்பதால், ‘போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்ப வழியில்லை. ஆறு இரவுக்கும் முன்பதிவு செய்துவிடுவது இந்த வகையில் நல்லதாகவே முடிகிறது.

முன்பதிவு செய்யும்போது ‘அக்கேய் வேலோ’ என்ற முத்திரை உள்ள இடங்களைத் தேடுங்கள். குறியிடப்பட்ட மிதிவண்டிப் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகள், வீட்டு அறைகள், கூடார முகாம்கள் ஆகியவற்றுக்கே அந்த முத்திரை தரப்படுகிறது. வண்டியைப் பூட்டிவைக்கப் பாதுகாப்பான இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் அங்கே இருக்கும். என் விருப்பம் ‘ஷாம்ப்ர் தோத்’ எனப்படும் வீட்டு அறைகள். குடும்பத்தார் தம் வீட்டின் ஓர் அறையைத் தந்து, காலையில் ரொட்டியும் வீட்டிலேயே செய்த பழப்பாகும் காப்பியும் வைப்பார்கள். சில வீடுகளில் முன்கூட்டிச் சொன்னால் இரவுச் சாப்பாடும் கிடைக்கும். சாப்பாட்டுக்கடையே இல்லாத ஊரில் அது பெரிய உதவி.

வண்டி

சொந்த வண்டியை விமானத்தில் கொண்டுபோவது அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். போன் நகரிலேயே வாடகைக்கு எடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டக்கூடிய, 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் கொண்ட, பின்னால் கேரியர் உள்ள வண்டியைக் கேளுங்கள், ‘வே.தே.சே.’ என்று சொன்னால் அந்த வகையைத்தான் காட்டுவார்கள். முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்கள் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வரும் அளவுக்குத் தாழ்ந்த கியர் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மலைக்கிளையில் அந்த ஒரு கியர்தான் உங்களை வண்டியிலிருந்து இறங்கவிடாமல் காக்கும். முழங்கால் பற்றிய சந்தேகம் இருந்தால் மின்கல வண்டி எடுப்பதில் தயக்கமே வேண்டாம்.

கடையை விட்டுக் கிளம்புமுன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். நம் நாட்டு மிதிவண்டிகளில் வலக்கைப் பிடி முன்சக்கரத்தின் பிரேக். பிரான்ஸில் இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. முதல் பயணத்தில் நான் இதை அறிந்திருந்தும், அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்கே போயிற்று. ஓர் இறக்கத்தின் வளைவில், புதிதாகக் கொட்டிய பொடிக்கல்லின் மேல், பின் பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினேன். முன்சக்கரம் வழுக்கி, முழங்கையின் தோல் உரிந்து, அன்றைய மீதி நாளை மருந்துக்கடையில் கழித்தேன். கடை வாசலிலேயே நாலைந்து முறை இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அந்தப் பொடிக்கல் பற்றி இன்னொன்று: கோடையில் சிறு சாலைகளைப் புதுப்பிக்கும்போது தாரின் மேல் பொடிக்கல்லைத் தூவி, வண்டிகளின் சக்கரமே அதை அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். ‘கிராவியோன்’ என்ற பலகையைக் கண்டால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

ட்யூபின் வால்வும் பெரும்பாலும் நாம் பழகிய தடித்த வகையாக இருக்காது. மெல்லியதாக, நுனியில் சிறு திருகோடு இருக்கும். அந்தத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். மாற்று ட்யூப் ஒன்று, டயரைக் கழற்றும் நெம்புகோல் இரண்டு, அந்த வால்வுக்குப் பொருந்தும் பம்பு ஆகியவற்றைக் கடைக்காரரிடமே வாங்கிக்கொண்டு, ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். நாட்டுப்புறத்தில் பஞ்சர் கடை கிடையாது. துணிமணி உட்பட மொத்தச் சுமை 10 கிலோவுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். அதைத் தோளில் மாட்டாமல், கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் போடுங்கள்.

ரயில்

பாரிஸிலிருந்து டி.ஜி.வி. விரைவு ரயிலில் டிஜோன் போய், அங்கே மாநில ரயிலான டி.இ.ஆர். பிடித்தால் அரை மணிக்குள் போன் நகரில் இறங்கலாம். ஐரோப்பாவில் குடியிருந்து சொந்த வண்டியோடு போகிறவர்கள், பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து டிஜோன் வழியாக லியோன் போகும் டி.இ.ஆர். ரயிலைத் தேர்ந்தெடுப்பது எளிது. அது மெதுவான ரயில்தான். ஆனால் வண்டியைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றலாம், முன்சக்கரத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும். சில தடங்களில் கோடைக்காலத்தில் வண்டிக்கும் இடம் பதிவு செய்யச் சொல்கிறார்கள் என்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதே பாருங்கள். டி.ஜி.வி.யில் பிரிக்காத வண்டிக்கான இடம் சில ரயில்களில் மட்டுமே உண்டு; மற்றவற்றில் 130-க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள் அடங்குமாறு பிரித்துக் கட்ட வேண்டும்.

பாரிஸில் ஒரு நாள் தங்கினால், கார் து நோர் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதிக்குப் போய், ஈழத்தமிழர் கடைகளில் பருப்புப்பொடியோ இட்லிப்பொடியோ சிறிய பொட்டலம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

சாலை

வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மறந்துபோவது எப்போதென்றால், ஓய்வெடுத்துவிட்டு ஆளில்லாத சாலையில் மீண்டும் கிளம்பும்போது. அப்போது உங்களைத் திருத்த எதிரே ஒரு வண்டியும் வராது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ‘வலம்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது என் வழக்கம். ரவுண்டானாவை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. இதைவிட முக்கியமானது ‘வலப்புறத்துக்கு முன்னுரிமை’ என்னும் பழைய விதி: பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், உங்கள் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவர் நிற்காமல் நுழையலாம், நீங்கள்தான் நிற்க வேண்டும். கிராமத்து உள்தெருக்களில் இந்த விதி உயிரோடு இருக்கிறது.

ஊர்களுக்கு வெளியே உங்களை முந்துகிற கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலோர் அதை மதிக்கிறார்கள். உங்கள் பங்குக்கு மணி, முன்னும் பின்னும் விளக்கு, இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டை ஆகியவை கட்டாயம். தலைக்கவசம் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கட்டாயம் என்றாலும், பெரியவர்களும் அணிய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு ஓட்டுவது குற்றம். திராட்சை மது விளையும் ஊர்கள் வழியே போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு மிதிவண்டிக்காரருக்கும் பொருந்தும். சுவைத்துப் பார்ப்பதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112.

வழி தவறுவதற்குப் பெரும் காரணம் ‘தூத் திரெக்சியோன்’, அதாவது ‘எல்லாத் திசைகளும்’, என்னும் பலகை. அது காருக்கானது, உங்களை நேராக லாரிகள் ஓடும் சாலையில் கொண்டுபோய் விடும். பச்சை எழுத்தில் மிதிவண்டிப் படம் போட்ட வெள்ளைப் பலகையை மட்டும் பின்பற்றுங்கள். கைபேசியில் வரைபடம் இருந்தாலும், மிஷ்லேன் தாள் வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும். அதில் வெள்ளையாக வரைந்த சாலைகள் அமைதியானவை, பச்சை விளிம்பு போட்டவை காட்சி அழகுள்ளவை, சாலையின் குறுக்கே வரும் அம்புமுனைகள் சரிவைக் காட்டுபவை: ஒற்றை முனை என்றால் 5 முதல் 9 சதவீதம், இரட்டை என்றால் 13 வரை, மூன்று என்றால் இறங்கித் தள்ளத் தயாராகுங்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலையும் செய்தி சொல்லும். சிவப்புத் தலை தேசியச் சாலை, மஞ்சள் தலை மாவட்டச் சாலை. மஞ்சளைக் கண்டால் மனத்துக்குச் சற்று ஆறுதல்.

சாப்பாடும் தண்ணீரும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். கிராமத்து உணவகத்தில் மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்குகிறது. ஒன்றரை மணிக்குப் பின் போகிறவருக்கு உறுதி எதுவும் இல்லை, 2 மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். ஒருமுறை பத்து நிமிடம் தாமதமாகப் போய், மேசைகளில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடியே நான் வெளியே வர வேண்டியதாயிற்று. பையில் இருந்தது அரை வாழைப்பழம். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன் கிடைக்காது. கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரமாவது சாத்தியிருக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்கட்கிழமையும் பல ஊர்கள் உறங்கும். ரொட்டிக்கடைக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. எந்த நாள் என்று கதவிலேயே எழுதியிருக்கும்.

ஆகவே முறை இதுதான். காலை எட்டு மணிக்குள் ரொட்டிக்கடைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும், கண்ணாடிப் பெட்டிக்குள் எதையும் பார்க்குமுன், ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. நீள ரொட்டி ஒன்று, தக்காளி, ஆட்டுப்பால் சீஸ், ஏதேனும் பழம் வாங்கிக் கட்டிக்கொண்டால், உணவகம் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நட்டமில்லை. பெரிய சந்தை போன் நகரிலும் க்ளுனியிலும் சனிக்கிழமை கூடுகிறது. புறப்படும் நாளையோ க்ளுனி சேரும் நாளையோ சனியாக வகுத்துக்கொண்டால் வண்டிப் பை நிறையும். சிற்றூர்க் கடைகளில் சிறு தொகைக்கு அட்டை வாங்க மாட்டார்கள் என்பதால் 30 யூரோ அளவுக்குத் தாளாகவும் சில்லறையாகவும் வைத்திருங்கள்.

சைவர்களுக்கு இது மாட்டிறைச்சி நாடு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘ஜெ நெ மாஞ்ஜ் நி வியாந்த் நி புவஸோன்’ என்றால், இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று பொருள். சாலட் என்று நம்பி வாங்கினால் அதன் மேல் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவியிருக்கலாம். ‘சான் லார்தோன்’ என்று சொல்லித் தவிர்க்கலாம். முட்டை உண்பவருக்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும், ஆனால் ‘மெரெட்’ என்ற பெயரில் வரும் முட்டை சிவப்பு மதுவிலும் கொழுப்புத் துண்டுகளிலும் வெந்தது. சீஸைப் பொறுத்தவரை, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பது வழக்கம் என்பதால், மிகக் கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். சூடான உருளைக்கிழங்கில் வெண்ணெயும் அந்த இட்லிப்பொடியும் தூவிச் சாப்பிட்ட இரவுகள் எனக்குண்டு.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன். அங்கத்து மிதிவண்டிக்காரர்கள் எல்லாரும் அறிந்தது. கடை சாத்திய நேரத்தில், ஊர்க் கோடியிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக உள்ளே குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாபிள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. அப்படிப் பலகை இல்லையென்றால், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஓசையின்றி நிரப்பிக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். பழைய பொதுத் துணிதுறைகளில், அதாவது ஊரார் துணி துவைத்த தொட்டிகளில், ஓடும் நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கை கழுவ மட்டுமே.

நாள் வாரியாக

முதல் நாள் போன் நகரிலேயே காலையைக் கழியுங்கள். ஏழை நோயாளிகளுக்காக 1443இல் தொடங்கப்பட்ட மருத்துவமனைக் கட்டடமும், வண்ண ஓடுகளால் கோலம்போல் வேய்ந்த அதன் கூரையும் அங்கே இருக்கின்றன. பிற்பகலில் கிளம்பி, பொமார், வோல்னே, மெர்சோ, புலினி ஆகிய ஊர்களின் வழியே சாந்தனே வரை 22 கிலோமீட்டர். தோட்டங்களுக்கு நடுவே போகும் வேளாண் பாதை இது, மேடும் பள்ளமும் மெல்ல வரும். ஒரே சரிவில் அடுத்தடுத்துள்ள துண்டு நிலங்களுக்குக்கூடத் தனித்தனிப் பெயரும், கல்சுவரும், வாயிலும் இருப்பதைக் கவனியுங்கள். மண்ணையும் சரிவையும் பார்த்து நூற்றாண்டுகளாகப் பிரித்த இந்த நிலத்துண்டுகள் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. திராட்சையைப் பறிக்காதீர்கள். சாந்தனேயிலோ, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஷானியிலோ தங்கலாம்.

இரண்டாம் நாள் ஷானியிலிருந்து கால்வாய்க் கரை. சோன் நதியையும் லுவார் நதியையும் இணைக்க 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டிய, 112 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் இது. நீங்கள் போகும் திசையில் அது படிப்படியாக இறங்குவதால் மிதிப்பது தெரியாது. படகை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றில் படகு நுழைவதைக் கண்டால் நின்று பாருங்கள், கால்மணி நேரம் வீணாகாது. ஷலோன், ஒளிப்படக் கலையின் முன்னோடியான நிசெஃபோர் நியெப்ஸ் பிறந்த ஊர். அவர் பெயரில் அருங்காட்சியகமும் உண்டு. நகர நெரிசலைத் தாண்டி ஜிவ்ரி சேர்ந்தால் பசுமைப் பாதை தொடங்கும். புய்சியில் இரவு தங்குங்கள்.

மூன்றாம் நாள் 25 கிலோமீட்டர்தான், கொர்மதேன் வரை. பழைய ரயில் நிலையங்கள் சில இன்னும் பாதையோரத்தில் நிற்கின்றன. சேன்-ஜாங்கூ என்ற ஊரில் பாதையை விட்டு உள்ளே நுழைந்து, வளைந்த கல்தெருக்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள். முன்பு ‘அரச’ என்ற அடைமொழி தாங்கிய ஊர்ப்பெயர், மன்னராட்சி போனபின் ‘தேசிய’ என்று மாறியது. இந்த வட்டாரத்துப் பொதுத் துணிதுறை ஒன்றையாவது உற்றுப் பாருங்கள்: நீர்த்தொட்டியைச் சுற்றி உட்புறம் சாய்த்துப் பதித்த கற்பாளங்கள், பெண்கள் மண்டியிட்டுத் துவைத்துத் துவைத்து அவற்றின் விளிம்பு சவர்க்காரக்கட்டி போல வழவழத்து நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், கோட்டைகள் சொல்லாத வரலாறு கைக்குத் தெரியும்.

நான்காம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். பைகளைக் கொர்மதேன் விடுதியிலேயே விட்டுவிட்டு, வெறும் வண்டியோடு டி 14 சாலையில் கிழக்கே திரும்புங்கள். போகவர 25 கிலோமீட்டர்தான். இங்கே ரயில் தடம் இல்லை, நிலம் தன் இயல்பான ஏற்ற இறக்கத்தோடு வருகிறது. முதலில் ஷபேஸ்: சிறிய ஊர், பெரிய மணிக்கோபுரம். 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் உள்ளே போனால், இருவர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமனில் உருண்டைத் தூண்கள். பிறகு சாலை எழுகிறது. வெள்ளை மாடுகள் மேயும் புல்சரிவுகள், முள்வேலி, ஓக் காடு. பிரான்சியோன் கோட்டை மேலே தெரிந்துகொண்டே இருக்கும், கிட்டே வராது. பழைய ஊர்கள் பகைவரைப் பார்க்கும் உயரத்தில் கட்டப்பட்டவை என்பதால், கடைசி ஒரு கிலோமீட்டர் எப்போதும் மேடுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தாழ்ந்த கியருக்கு மேடு தொடங்குமுன்பே மாறுங்கள். மேட்டின் நடுவில் அழுத்தி மிதித்தபடி மாற்றினால் சங்கிலி நழுவும். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

மேலே கார்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கோட்டை, மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கொட்டகை, சில வீடுகள், சரிவின் விளிம்பில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்: ஊர் அவ்வளவே. தேவாலயத்தின் பின்னால் உள்ள புல்தரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரியுங்கள். நீங்கள் மூன்று நாளாக வந்த பள்ளத்தாக்கின் ஒரு பகுதி கீழே விரிந்து கிடக்கும். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிப்புக் குறையும்.

ஐந்தாம் நாள் க்ளுனிக்கு 14 கிலோமீட்டர். கொர்மதேனின் அகழிசூழ் மாளிகையைக் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்பினால், வழியில் குன்றின் மேல் தெய்சே வரும். 1940இல் சகோதரர் ரோஜே தொடங்கிய துறவுச் சமூகம் அங்கே இருக்கிறது. பல நாட்டு இளைஞர்கள் கூடிப் பல மொழிகளில் பாடும் வழிபாட்டில், எந்தச் சமயத்தவரும் பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம். க்ளுனியில் ஒரு முழுப் பிற்பகல் வேண்டும். 910இல் நிறுவப்பட்ட இந்தத் துறவுமடத்தின் மூன்றாவது தேவாலயம் 1088இல் தொடங்கப்பட்டு, ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியதாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் விற்கப்பட்டு, கல்லுக்காக இடிக்கப்பட்டது; இன்று நிற்பது மிகச் சிறு பகுதி. வெறுமையான புல்தரையின் ஒரு கோடியில் தூண்களின் அடிப்பகுதிகளையும், மறுகோடியில் எஞ்சிய எண்கோணக் கோபுரத்தையும் பார்த்து, இடையிலுள்ள தூரத்தை நடந்து அளந்தால்தான் இழந்தது என்னவென்று விளங்கும்.

ஆறாம் நாள், மாக்கோனுக்கு 25 கிலோமீட்டர். க்ளுனியைத் தாண்டியதும் ஒரு சீரான ஏற்றம், அதன் முடிவில் புவா க்ளேர் சுரங்கப்பாதை. ரயிலுக்காகக் குடைந்த இது 1.6 கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் உங்கள் விளக்கையும் போடுங்கள். கோடையிலும் குளிர் எலும்பைத் தொடும் என்பதால் நுழையுமுன் மேற்சட்டை அணிந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக இதை மூடிவிடுவார்கள், அப்போது கணவாய்ச் சாலையில்தான் ஏறிக் கடக்க வேண்டும். மறுபுறம் நெடிய இறக்கம். பெர்ஸே-ல-வீல் ஊருக்கு மட்டும் பாதையை விட்டுச் சற்றே மேடேறுங்கள். க்ளுனித் துறவிகளின் சிற்றாலயத்தில், 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் நிறம் குன்றாமல் இருக்கிறது.

மாக்கோனிலிருந்து வண்டியோடு டி.இ.ஆர். ஏறிப் போன் திரும்பி வாடகை வண்டியை ஒப்படைக்கலாம். கால்கள் இன்னும் கேட்டால், ரயிலை விட்டுவிட்டு, சோன் நதிக்கரையிலேயே வடக்கே போகும் ‘நீல வழி’யைப் பிடியுங்கள். சுத்தமான சமதரை, ஆனால் ‘பீஸ்’ என்னும் வடகாற்று வீசும் நாளில் அது எதிர்காற்றாகிவிடும், அன்று போகாதீர்கள். காற்று இல்லாவிட்டால் அரை நாளில் தூர்னுய் சேர்ந்து, அங்குள்ள பழைய மடத்துத் தேவாலயத்தின் இளஞ்சிவப்புத் தூண்களைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலை அங்கேயே பிடிக்கலாம்.